ஆபீஸுக்கும் ரேஸுக்கும் ஒரே டயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மடிப்பாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூருக்கு வாரத்தில் நான்கைந்து நாள் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். போக வர ஏறக்குறைய 25 கிலோமீட்டர். ஞாயிறு காலை ஈசிஆர். வருடத்தில் இரண்டு மூன்று முறை டைம் ட்ரையலோ (ஒவ்வொருவராகக் கடிகாரத்தோடு போட்டி போடும் பந்தயம்) டிரையத்லானோ (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்தது) வந்தால் முதுகில் நம்பர் குத்திக்கொண்டு ஓட்டுவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே சைக்கிள், ஒரே ஜோடி சக்கரம்.

ஞாயிறு ரைடு முடிந்து டீக்கடையில் நிற்கும்போது டயரைப் பற்றிய சந்தேகம் ஒன்றாவது வந்துவிடும். புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவரவர் கேட்ட மாதிரியே எழுதி, பதிலை இங்கே சேர்த்து வைக்கிறேன்.

"அண்ணா, ஆபீஸ் போறதுக்கும் ரேஸுக்கும் ஒரே டயர் நிஜமாவே போதுமா?"

பெரும்பாலானவர்களுக்குப் போதும். டயர்களில் எதிரெதிரான இரண்டு முனைகள் உண்டு. ஒன்று, பஞ்சரே ஆகக் கூடாது என்று தடித்த ரப்பரை அடுக்கிச் செய்தது. இன்னொன்று, டைம் ட்ரையலுக்கென்றே காகிதம் மாதிரி மெல்லிசாகச் செய்தது. முதலாவதை ரேஸில் ஓட்டினால் கால் வலிக்கும், இரண்டாவதை ஆபீஸ் போகும் ஓஎம்ஆரில் ஓட்டினால் மனசு வலிக்கும். இரண்டுக்கும் நடுவில், ரேஸ் டயரின் இளகிய உடம்பும் அதன் நடுவில் மெல்லிய பாதுகாப்புப் பட்டையும் உள்ள ஒரு வகை இருக்கிறது. கான்டினென்டல் ஜிபி 5000, ஷ்வால்பே ஒன், விட்டோரியா ரூபினோ ப்ரோ போன்றவை இந்த வகை.

என் சிபாரிசு ஒரே வரியில்: இந்த நடுவகையில் 28 மி.மீ. அகல டயர் ஒரு ஜோடி வாங்குங்கள், காற்றைச் சரியாக அடியுங்கள், வாரம் ஒருமுறை டயரை உற்றுப் பாருங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாம் இது ஏன் என்பதற்கான விளக்கம்தான்.

"டயர்ல 700×28சின்னு ஒண்ணு, 28-622ன்னு ஒண்ணு போட்டிருக்கு. எதைப் பாத்து வாங்கணும்?"

622 உள்ள நம்பரைப் பாருங்கள். டயரின் ஓரம் ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம் அது, மில்லிமீட்டரில். முன்னால் இருக்கும் 28 டயரின் அகலம். ரோடு பைக், பெரும்பாலான ஹைப்ரிட், 29 அங்குல மவுன்டன் பைக் எல்லாமே 622தான். 27.5 என்று சொல்லும் சக்கரம் 584. பழைய 26 அங்குல மவுன்டன் பைக் 559.

பேட்டைக் கடைகளில் இதில் ஒரு குழப்பம் நடக்கும். "28 டயர் குடுங்க" என்று கேட்டால், நம் தாத்தா காலத்துக் கறுப்பு சைக்கிளுக்கு வரும் 28 × 1½ டயரை எடுத்துத் தருவார்கள். அதன் விட்டம் 635. பார்வைக்கு ஒன்று போலத் தெரியும், ஆனால் உங்கள் ரிம்மில் லொடலொட என்று ஆடும். கடைக்காரர் மேல் தப்பில்லை, அவரிடம் காலங்காலமாக 28 என்றால் அதுதான். "622" என்று சொல்லிக் கேளுங்கள், டயரில் அச்சடித்திருப்பதையும் பார்த்து வாங்குங்கள்.

"மெல்லிசா இருந்தாத்தானே வேகமா போகும்? ரேஸ் ஓட்டுறவங்க 23தானே போடுவாங்க?"

போட்டார்கள், ஒரு காலத்தில். இப்போது டூர் தெ பிரான்ஸ் ஓட்டுகிறவர்களே 28, 30 என்று போய்விட்டார்கள். கல் பாவிய ரோட்டில் நடக்கும் பாரிஸ்-ரூபே பந்தயத்தில் 30, 32 எல்லாம் சகஜம்.

காரணம் இதுதான். டயர் தரையில் படும் இடத்தின் பரப்பளவை ஏறக்குறைய தீர்மானிப்பது எடையும் காற்றழுத்தமும். பின் சக்கரத்தில் 45 கிலோ, உள்ளே 70 பிஎஸ்ஐ (பம்ப் மீட்டர் காட்டும் காற்றழுத்த அளவு) என்றால் சுமார் 9 சதுர சென்டிமீட்டர் தரையில் படும். இரண்டு ஐந்து ரூபாய் நாணயத்தை ஒட்டி வைத்த அளவு. அகலம் மாறினாலும் இந்தப் பரப்பு பெரிதாக மாறாது, அதன் வடிவம்தான் மாறும். குறுகிய டயரில் அது நீளவாக்கில் நீண்டிருக்கும், அகல டயரில் குட்டையாக இருக்கும். நீண்டால் டயரின் பக்கச்சுவர் அதிகமாக மடங்கி நிமிர வேண்டும். அப்படி மடங்கி நிமிர்வதில்தான் நம் உழைப்பு சூடாகி வீணாகிறது. அதனால் ஒரே அழுத்தத்தில் அகல டயர் லேசாக உருளும்.

சொரசொரப்பான ரோட்டில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. கல் மாதிரி இறுகிய 23 டயர் ஒவ்வொரு குட்டிப் பள்ளத்துக்கும் சைக்கிளையும் ஆளையும் தூக்கிப் போடும். மேலே எழும்பும் சக்தி முன்னே போகாது. சரி, 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் காற்றைக் கிழிப்பதில் குறுகிய டயருக்குக் கொஞ்சம் லாபம் உண்டு, அதை மறுக்கவில்லை. அந்த வேகத்தில் தனியாக ஒரு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு இந்தப் பக்கம் தேவைப்படாது.

"என் சைக்கிள்ல 28 போகுமா? 32 போட்டா?"

எனக்குத் தெரிந்த எளிய வழி: 4 மி.மீ. ஆலன் கீ ஒன்றை எடுத்து, இப்போதுள்ள டயருக்கும் ஃபோர்க்குக்கும் (முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) நடுவில், டயருக்கும் பிரேக்குக்கும் நடுவில், பின்னால் இரண்டு பக்கமும் நுழைத்துப் பாருங்கள். புது டயர் போட்ட பிறகும் அந்தச் சாவி எல்லா இடத்திலும் சுலபமாக நுழைய வேண்டும். 25இலிருந்து 28க்குப் போனால் ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை மி.மீ. குறையும், உயரமும் கூடும். ரிம் உள் அகலம் பெரிதாக இருந்தால் 28 என்று அச்சடித்த டயர் 29, 30 என்று விரிந்து நிற்கும். அதையும் கணக்கில் எடுங்கள்.

ரிம் பிரேக் உள்ள பழைய ரோடு பைக்குகளில் பல 25உடன் நின்றுவிடும், சிலவற்றில் 28 போகும். டிஸ்க் பிரேக் சைக்கிள்களில் பெரும்பாலும் 32 தாராளம். மழைக்காலத்தில் மட்கார்டு மாட்டுகிறவர் என்றால் ஒரு அளவு குறைத்துக்கொள்ளுங்கள். சேறு ஒட்டிய டயர் மட்கார்டில் உரசிக்கொண்டே 12 கிலோமீட்டர் போவது கொடுமை.

"டயர்ல மேக்சிமம் 115 பிஎஸ்ஐன்னு போட்டிருக்கே, அதையே அடிச்சிடலாமா?"

அது எல்லை, பரிந்துரை இல்லை. என் எடை 72 கிலோ. 28 மி.மீ. டயரில் முன்னால் 65, பின்னால் 70 அடிக்கிறேன். லேப்டாப், டிபன் பாக்ஸ், மாற்று உடை எல்லாம் பின் கேரியரில் ஏறும் நாளில் பின்னால் 75. ரேஸ் நாளில் ரோடு வழவழப்பாக இருந்தால் இரண்டிலும் 3 கூட்டுவேன், மழை என்றால் 5 குறைப்பேன். நீங்கள் 60 கிலோ என்றால் 60, 65இல் ஆரம்பியுங்கள். 85 என்றால் 72, 80. அப்புறம் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து இரண்டிரண்டாக மாற்றிக்கொள்ளலாம். பள்ளத்தில் ரிம் 'டக்' என்று தரையைத் தட்டினால் குறைவு. கைப்பிடி விரலை மரத்துப் போகச் செய்தால் அதிகம்.

கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். 60க்கு மேல் எல்லாமே விரலுக்கு ஒன்றுதான். மீட்டர் உள்ள ஃப்ளோர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும். வாரத்துக்கு இரண்டு முறை அடித்தால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஓரக் கொக்கி இல்லாத ஹுக்லெஸ் ரிம் வைத்திருப்பவர்கள் 5 பாருக்கு, அதாவது 72 பிஎஸ்ஐக்கு மேல் அடிக்கவே கூடாது. அந்த ரிம்முக்கு எந்த டயர் பொருந்தும் என்று தயாரிப்பாளர் தரும் பட்டியலையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

"வெயில்ல நிறுத்தினா டயர் வெடிச்சிடாதா?"

வெடிக்காது. காலை 30 டிகிரியில் 70 பிஎஸ்ஐ அடித்த டயர், மத்தியானம் 50 டிகிரிக்குச் சூடானால் 75, 76 ஆகும். அவ்வளவுதான். அதற்காகக் காற்றைப் பாதி இறக்கிவிட்டு, சாயங்காலம் அதே காற்றில் ஓட்டிப் பஞ்சர் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெயில் கெடுப்பது ரப்பரை. மாதக்கணக்கில் வெயிலில் நின்றால் பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்பு விழும். நிழல் கிடைத்தால் நிழலில் நிறுத்துங்கள்.

"பட்டனே இல்லாம வழுவழுன்னு இருக்கே, மழையில வழுக்காதா?"

கார் டயர் அகலமாக, தட்டையாக இருப்பதால் தண்ணீர் மேல் மிதக்க வாய்ப்பு உண்டு, தண்ணீரை வெளியேற்ற அதற்குப் பள்ளம் தேவை. சைக்கிள் டயர் குறுகியது, உருண்டையானது, அழுத்தம் அதிகம். நாம் ஓட்டும் வேகத்தில் அது தண்ணீரைத் தானே விலக்கிவிட்டுத் தரையைத் தொட்டுவிடும். தார் ரோட்டில் பிடிப்பைத் தருவது ரப்பரின் தரமும் சரியான காற்றும்தான். பட்டன் மண் பாதைக்கு.

ஆனால் மழையில் நம்மை விழவைக்கும் இடங்கள் வேறு: வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி, மெட்ரோ வேலைக்காகப் போட்ட இரும்புத் தகடு, முதல் மழையில் மேலே மிதக்கும் எண்ணெய். இவற்றின் மேல் எந்த டயரும் வழுக்கும். நேராகத் தாண்டுங்கள், அங்கே திருப்பவும் வேண்டாம், பிரேக்கும் வேண்டாம்.

"பஞ்சரே ஆகாத டயர் எதுன்னு சொல்லுங்க சார்."

அப்படி ஒன்று இல்லை. ஷ்வால்பே மாரத்தான் பிளஸ் ரொம்பப் பக்கத்தில் வரும், அதன் உள்ளே 5 மி.மீ. தடிமனுக்கு ரப்பர் அடுக்கு வைத்திருக்கிறார்கள். ரேஸ் ஆசையே இல்லாதவர் அதைப் போட்டு நிம்மதியாக இருக்கலாம். நமக்கு அது சரிப்படாது, ஏன் என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் பஞ்சர் எப்படி வருகிறது என்று பாருங்கள். டியூபில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் அது பாம்புக்கடி: காற்று குறைந்து, பள்ளத்தில் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் டியூப் நசுங்கியது. எந்த விலை டயரும் அதைத் தடுக்காது, பம்ப்தான் மருந்து. நகரத்தை விட்டு வெளியே ஓட்டுகிறவர்களுக்குச் சீமைக்கருவேல முள். வேலி வெட்டிப் போட்ட ஓரத்தில் சக்கரத்தை இறக்கினால் தப்ப முடியாது. ஓஎம்ஆரில் எனக்கு வரும் பஞ்சர் பெரும்பாலும் கம்பி. லாரி, கார் டயர்களின் உள்ளே இருக்கும் மெல்லிய எஃகு நூல், டயர் கிழிந்ததும் ரோட்டோரத்தில் சிதறிக் கிடக்கும்.

அந்தக் கம்பி ஒரே நாளில் குத்துவதில்லை. நாலு நாள் ரப்பரில் உட்கார்ந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு மயிரிழை உள்ளே போகும். அதனால் ஞாயிறு இரவு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மொபைல் லைட்டை டயருக்குக் கிடையாகப் பிடித்து, சக்கரத்தை மெதுவாகச் சுற்றுவேன். குட்டி வெட்டுக்காயம் தெரிந்தால் அதை விரலால் பிளந்து, ஊக்கு முனையால் கிண்டுவேன். போன வாரம் ஒன்று வந்தது: அரிசி நுனி அளவு, துருப்பிடித்த பழுப்பு, நகத்தில் வைத்தால் குத்தியது. பத்து நிமிட வேலை. இதை ஆரம்பித்த பிறகு என் பஞ்சர் பாதிக்கு மேல் குறைந்தது. டயரை மாற்றியதால்கூட அவ்வளவு குறையவில்லை. மழைக்காலத்தில் வாரம் இரண்டு முறை பாருங்கள். ஈர ரப்பரைக் கண்ணாடி சுலபமாக வெட்டும், ரோட்டுக் குப்பையும் அடித்துக்கொண்டு ஓரத்துக்கு வந்துவிடும்.

"தடிச்ச டயர் போட்டா ரேஸ்ல எவ்வளவு குறையும்? ஒரு நிமிஷம்? ரெண்டு நிமிஷம்?"

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆளும் சைக்கிளும் சேர்த்து 80 கிலோ, சமதரை, காற்று இல்லை, வேகம் 30 கிலோமீட்டர். உருளும் தடைக் கெழு (டயர் உருளும்போது எவ்வளவு உழைப்பைத் தின்கிறது என்று காட்டும் எண்) நல்ல ரேஸ் டயருக்கு 0.0035, தடித்த டயருக்கு 0.0065 என்று வைத்தால், முதல் ஜோடியை உருட்ட 23 வாட், இரண்டாவதை உருட்ட 42 வாட் போகிறது. அதே உழைப்பில் நல்ல டயர்க்காரர் 31.4 கிலோமீட்டர் வேகத்தில் போவார். 20 கிலோமீட்டர் டைம் ட்ரையலில் 40 நிமிடம் 38 நிமிடச் சொச்சமாகிறது.

ஏறக்குறைய இரண்டு நிமிடம். ரேஸில் அது மலை. ஆபீஸ் போகும் வழியிலும் இரண்டு நிமிடம் வரலாம், ஆனால் துரைப்பாக்கம் சிக்னல் ஒன்றே அதை விழுங்கிவிடும். அதனால் வேகத்துக்காக டயர் வாங்குவதானால் அந்த லாபம் முழுக்க ரேஸ் நாளில்தான். மற்ற நாளில் நீங்கள் உணர்வது ஓட்டும் சுகம்.

"ஒண்ணுல டிபிஐ 60, ஒண்ணுல 120, ஒண்ணுல 330. 330தானே பெஸ்ட்?"

அங்குலத்துக்கு எத்தனை நூல் என்பதுதான் டிபிஐ. நூல் மெல்லிசாக, நெருக்கமாக இருந்தால் டயர் துணி மாதிரி இளகி மடங்கும், லேசாக உருளும். ஆனால் எண்ணும் முறை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. கான்டினென்டல் சொல்லும் 330, மூன்று அடுக்கு, அடுக்குக்கு 110. விட்டோரியா தன் பருத்தி டயர்களுக்குச் சொல்லும் 320 அப்படி மூன்று அடுக்கைக் கூட்டிய கணக்கு இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட மட்டும் இந்த எண்ணைப் பயன்படுத்துங்கள். பருத்தி டயர் அருமையாக ஓடும், ஆனால் தினசரி ஓட்டத்துக்கு அதன் பக்கச்சுவர் ரொம்ப மென்மை.

"ஃபோல்டிங், வயர், எது?"

ஓரத்தில் இரும்புக் கம்பி இருந்தால் வயர், மடிக்கக் கூடிய நார் இருந்தால் ஃபோல்டிங். ஃபோல்டிங் எடை குறைவு. அதைவிட முக்கியம், நல்ல ரப்பரும் நல்ல துணியும் பெரும்பாலும் ஃபோல்டிங்கில்தான் வரும். பணம் இருந்தால் அதுவே.

"டியூப்லெஸ் போட்டுடலாமா? எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

முள்ளும் கம்பியும் போடும் சின்ன ஓட்டையை, டியூபுக்குப் பதில் டயருக்குள் ஊற்றியிருக்கும் பால் மாதிரியான சீலன்ட் தானே அடைத்துவிடும். காற்றைக் குறைத்து ஓட்டலாம், பாம்புக்கடி இல்லை. இதெல்லாம் உண்மைதான். கருவேல முள் பாதையில் தினமும் ஓட்டுகிறவருக்கு நான் டியூப்லெஸ்தான் சொல்வேன்.

ஆனால் நம் ஊர் வெயிலில் சீலன்ட் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்து தோலாகிவிடும். 28 மி.மீ. டயருக்கு 30 முதல் 40 மில்லி, மறக்காமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய வெட்டு விழுந்தால் ரோட்டோரத்தில் கையெல்லாம் பால் வழிய டியூப் போட வேண்டிவரும். பேட்டைப் பஞ்சர் கடையில் பெரும்பாலும் கை விரித்துவிடுவார்கள். நான் டியூபோடுதான் ஓட்டுகிறேன். இரவு எட்டு மணிக்கு ஆபீஸ் விட்டு வரும்போது எந்தக் கடையிலும் ஒட்ட முடிந்த டயர்தான் எனக்கு நிம்மதி.

"விலை ஜாஸ்தியான டயரை ஆபீஸ் ரோட்ல தேய்க்கிறது வீண் இல்லையா?"

கிலோமீட்டருக்குக் கணக்குப் பாருங்கள். எனக்குப் பின் டயர் 4000 கிலோமீட்டர் வருகிறது, முன் டயர் அதைப் போல இரண்டு மடங்கு. மாதம் 500 ஓட்டினால் பின் டயர் எட்டு மாதம். ஒரு மாதப் பெட்ரோல் செலவோடு வைத்துப் பார்த்தால் எனக்கு உறுத்தவில்லை. அலமாரியில் பத்திரமாக வைத்தாலும் ரப்பர் முதுமை அடையத்தான் செய்யும்.

"பின் டயர் தேஞ்சா முன்னாடி மாத்திப் போட்டுக்கலாமா?"

வேண்டவே வேண்டாம். எடையும் மிதிக்கும் விசையும் பின்னால் விழுவதால் பின் டயர் நடுவில் தட்டையாகிவிடும். அந்தத் தட்டையான டயரை முன்னால் போட்டால் வளைவில் சக்கரம் சாயும்போது ஓரத்தில் தடுமாறும். பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன் சக்கரம் வழுக்கினால் தரைதான். பின் டயர் தேய்ந்தால் அதைத் தூக்கிப் போட்டு, முன்னால் இருப்பதைப் பின்னால் போட்டு, புதியதை முன்னால் மாட்டுங்கள்.

"அப்போ முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு வேற வேற டயர் போடலாமா?"

தாராளமாக. நானே மழைக்காலத்தில் பின்னால் கேட்டர்ஸ்கின் போன்ற முரட்டு டயரும், முன்னால் நல்ல பிடிப்புள்ள நடுவகை டயரும் போடுவேன். பஞ்சர் பெரும்பாலும் பின்னால்தான் வருகிறது, உயிர் காக்கும் பிடிப்பு முன்னால் தேவைப்படுகிறது. எதிர்மாறாக மட்டும் போடாதீர்கள்.

"ரேஸ் அன்னைக்கு மட்டும் நல்ல டயர் போட்டுக்கறேன். சனிக்கிழமை ராத்திரி மாத்தினா போதும்ல?"

மூன்று வருடம் முன்னால் நான் இதைத்தான் செய்தேன். சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு அவசரமாக மாட்டினேன், டயர் ஓரத்தில் டியூப் ஒரு அங்குலம் மாட்டிக்கொண்டதைப் பார்க்கவில்லை. காலையில் 14ஆவது கிலோமீட்டரில் துப்பாக்கி மாதிரி வெடித்தது. மீதி தூரம் பெடலில் பூட்டிக்கொள்ளும் க்ளீட் ஷூவில் நடந்தேன். அந்த நல்ல டயருக்கு ஒரு குறையும் இல்லை.

மாற்றுவதானால் ஒரு வாரம் முன்னால் மாற்றி, குறைந்தது 50 கிலோமீட்டர் ஓட்டுங்கள். காற்று அடிப்பதற்கு முன் டயரின் இரண்டு ஓரத்தையும் முழுச் சுற்றுக்கும் கட்டை விரலால் விலக்கி, டியூப் எங்காவது எட்டிப் பார்க்கிறதா என்று பாருங்கள். முதலில் 30 பிஎஸ்ஐ அடித்து, டயர் ஓரக் கோடு ரிம்முக்குச் சமமாக ஓடுகிறதா என்று சுற்றிப் பார்த்துவிட்டு மீதியை அடியுங்கள். டயரை மாற்ற விருப்பமில்லை என்றால் டியூபை மட்டும் மாற்றலாம்: 100 கிராம் சாதா டியூபுக்குப் பதில் 40 கிராமுக்குள் வரும் டிபியு (மெல்லிய பிளாஸ்டிக்) டியூப். அதையும் ஒரு வாரம் முன்னால், பகல் வெளிச்சத்தில்.